யாரும் வசிக்காத மாடி

மாடியில் யாரும் வசிக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளின் நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டே வரிகள். ‘மேற்படி கட்டடத்தின் முதல் மாடி பழுதுபார்ப்பு வேலைக்காகக் காலி செய்யப்பட்டுள்ளது. தற்போது அங்கு எவரும் வசிக்கவில்லை.’ இதை எழுத எனக்கு ஒரு மாலை முழுவதும் ஆனது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றரை வயதான என் மகள் படுக்கையறைச் சுவரில் கன்னத்தை ஒட்டவைத்துக்கொண்டு, தணிந்த குரலில் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி. படியேறினால் பூட்டிக் கிடக்கும் மாடி.

காலடிப்பேட்டையில், கடலிலிருந்து நான்கு தெரு தள்ளி இருக்கிறது வீடு. என் கணவரின் அப்பா கட்டியது. அவர் இப்போது இல்லை. கீழே நாங்கள் மூன்று பேர், மேலே வாடகைக்கு ஒரு குடும்பம் என்று இருந்தோம். இந்தப் பகுதியில் வீடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உப்புக்காற்று முதலில் ஜன்னல் கம்பியைத் தின்னும், பிறகு கூரைக்குள் இருக்கும் கம்பியைத் தின்னும். துருப்பிடித்த கம்பி உள்ளுக்குள்ளேயே வீங்கும். வீங்கி, கீழே இருக்கும் சிமெண்டைத் தள்ளிவிடும். மாடிச் சமையலறையில் அப்படி ஒரு துண்டு, மடித்த செய்தித்தாள் அளவுக்கு, அடுப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. அந்தக் குடும்பம் மாதம் முடியும்வரைகூடக் காத்திருக்கவில்லை. ‘புள்ளைங்கள வெச்சிகினு இதுல எப்பிடி இருக்கறது’ என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வி போக மறுத்து எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. எனக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது.

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் எதுவும் செய்யவில்லை. என் கணவர் எண்ணூர் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர். வேலைவிட்டு வந்ததும் கூரையை அண்ணாந்து பார்ப்பார், பிறகு டி.வி.யைப் போடுவார். ஒருநாள் வேறு மாதிரி வந்தார். யார்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டைப் பழுதுபார்க்க வங்கியில் கடன் வாங்கினால், அதற்குக் கட்டுகிற வட்டியில் ஒரு வரம்புவரை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமாம். வேலை முடியும்வரை காலியாகக் கிடக்கிற மாடிக்குச் சொத்து வரியில் தள்ளுபடி கேட்டு மனுவும் கொடுக்கலாமாம்.

“கவர்மென்டே ரிப்பேர் பண்ணுன்னு சொல்லுது. நாம இன்னாத்துக்கு பயந்துகினு உக்காந்துகினு கீறோம்?” என்றார்.

கடன் தொகைக்கு என் சம்பளமும் தேவைப்பட்டது. அதற்காக வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் சேர்ந்தது. கணவருக்குக் காலை, மாலை என்று ஷிப்டு மாறும். ஆகவே தாள்கள் எல்லாம் என் பொறுப்பாயின. தாள்கள் எனக்குப் புதிதில்லை. இராயபுரத்தில் ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் ஆவணங்கள் தட்டச்சு செய்வதுதான் என் வேலை. கன்டெய்னர் எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் ஒரு கப்பல் சரக்கே வெயிலில் நிற்கும். அதனால் எதையும் மூன்று முறை படிப்பேன். நான்காம் முறை படிக்கும்போதுதான் சந்தேகம் வரும்.

இந்த இரண்டு சலுகைகளிலும் எனக்குச் சந்தேகம் வந்தது. வருமான வரித் தாளில், இந்த வீட்டில் நாங்களே குடியிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொத்து வரி மனுவில், எவரும் வசிக்கவில்லை என்று சொல்ல வேண்டும். முதலாவது கீழ்வீட்டைப் பற்றியது, இரண்டாவது மாடியைப் பற்றியது, இரண்டும் உண்மைதான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் ஒரே கதவு எண், ஒரே தெரு, ஒரே கையெழுத்து. நாங்கள் இருக்கிறோம், யாரும் இல்லை. நான் தாள்களைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

அதைவிட ஒரு சின்ன உறுத்தல் இருந்தது. மாடியில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் தெருவில் ஆளில்லாத வீட்டை இருட்டில் போடமாட்டார்கள். இருண்ட வீட்டுக்கு அப்புறம் யாரும் குடி வரமாட்டார்கள், வேறு எதாவதுதான் வரும் என்பார்கள். அதற்காகக் குடியிருந்தவர்கள் போன அன்றைக்கே என் கணவர் மாடியில் சாமி மாடத்துக்கு மேலே சிவப்பு நிற ஜீரோ வாட் பல்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு வந்தார். அது பகலும் இரவும் எரிந்தது. அந்த ஒரு பல்புக்காக மாடியின் மெயின் சுவிட்சு போட்டது போட்டபடியே இருந்தது.

எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் எடுத்து வந்து தெருமுனையில் விற்பவள். அவள்தான் அதைப் பற்றி அடிக்கடி பேசுவாள்.

“மேல யாரு கீறா? ஜன்னல்ல செவப்பா தெரிது.”

“யாரும் இல்லக்கா. சும்மா பல்புதான்.”

“பல்புதான்னு எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா? லைட்டு போட்டு வெச்சா, நம்மளத்தான் கூப்புட்றாங்கன்னு வந்துடப் போகுது.” அவள் சிரித்தாள். கையிலிருந்த செதிலைத் தட்டிக்கொண்டே மறுபடியும் ஜன்னலைப் பார்த்தாள். “வாடகையாவது வாங்கிக்கம்மே அதுகிட்ட.”

நானும் சிரித்தேன். அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் முதல்முறையாகச் சொன்னாள்.

“அம்மா, செவுரு கிச்சுகிச்சு பண்ணுது.”

நான் போய்ச் சுவரைத் தொட்டேன். ஈரமாக, குளிர்ச்சியாக இருந்தது. மழைக்காலத்தில் எங்கள் சுவர்கள் எல்லாமே அப்படித்தான். வெள்ளையாக உப்புப் பூத்து, விரலால் தடவினால் மாவு மாதிரி உதிரும். வேறு ஒன்றும் இல்லை.

“எங்க?”

“இங்க. எறும்பு ஓடுது. உள்ள.”

எறும்பு என்றால் எனக்குப் புரியும். மறுநாள் எறும்புச் சாக்பீஸ் வாங்கிவந்து, சுவரின் அடியில் நீளமாக ஒரு கோடு போட்டேன். ஒரு எறும்பும் வரவில்லை, ஒன்றும் சாகவில்லை. அவளோ தினமும் அந்தச் சுவரிடம் போனாள். குளித்துவிட்டு ஈரக்காலோடு ஓடிப்போய் உள்ளங்கையை வைப்பாள். தோளைக் குறுக்கிக்கொண்டு சிரிப்பாள். பிறகு வாயைச் சுவரருகே கொண்டுபோய், “நீ பண்ணு, நான் பண்ண மாட்டேன்” என்று ஏதோ விளையாட்டுக்கு ஒப்பந்தம் போடுவாள்.

“யார் கூட பேசற?”

“உள்ள கீறவங்க கூட.”

எங்கள் வீட்டில் ‘கீறவங்க’ என்று பேசுவது அவள் அப்பா. அவளைப் பள்ளியில் சேர்க்கும்முன் இதைத் திருத்த வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்கூட எனக்கு முதலில் அந்த நினைப்புதான் வந்தது. அதன் பிறகுதான் கையில் மயிர்க்கூச்செறிந்தது.

நான் என்னையே சந்தேகப்பட்டேன். இல்லாத ஆட்களோடு குழந்தைகள் பேசுவார்கள் என்று படித்திருக்கிறேன். ஒற்றைப் பிள்ளை, வேலைக்குப் போகும் அம்மா, பேச ஆளில்லை, அதனால் சுவரோடு பேசுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நாள், நரம்பில் ஏதாவது கோளாறு இருக்குமோ, தோலில் ஊர்கிற மாதிரி உணர்வு எதனால் வரும் என்று கைபேசியில் தேடினேன். தேடக்கூடாதது எல்லாம் வந்தது. மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவர் குழந்தையின் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாதான் இருக்கா. நீங்க தூங்குங்க” என்றார். எதிர்வீட்டு அக்கா மிளகாயும் உப்பும் எடுத்துவந்து சுற்றிப் போட்டாள். அடுப்பில் போட்ட மிளகாய் நெடியே அடிக்கவில்லை, அப்படியென்றால் திருஷ்டிதான் என்று சொன்னாள். எனக்கு அடித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கணவரிடம் சொன்னபோது அவர் மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “இன்னா, செவுத்துல தோஸ்து புட்சிட்டியா?” என்று கேட்டார். அவள் பெருமையாகத் தலையாட்டினாள். அவர் என்னைப் பார்த்து, “நீ பயந்து அதையும் பயமுறுத்தாத” என்றார். நியாயமாகத்தான் பட்டது.

தள்ளுபடி மனுவைக் கொடுத்தபோது மாநகராட்சி அலுவலகத்தில், மாடியின் மின் அட்டையின் நகலையும் கேட்டார்கள். ஆளில்லாத இடம் என்பதற்கு அதுதான் சாட்சி. பேச்சை நம்ப மாட்டார்கள், மீட்டரை நம்புவார்கள். பிறகு பில் கலெக்டர் நேரில் வந்து பார்ப்பார் என்று சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். கோடையில் எடுத்த கணக்கில் மிகச் சின்ன எண். ஒரு பல்புக்குச் சரியாக இருக்கும். அதற்கு அடுத்ததில் அதைவிடக் கூடுதல். மழை தொடங்கிய பிறகு எடுத்த கணக்கில், ஒரு சின்னக் குடும்பம் சமைத்து, மின்விசிறி போட்டு, துணி தேய்த்து வாழ்ந்தால் வருகிற அளவு.

நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டின் அடியில் போய் நின்றேன். அங்கே இரண்டு மீட்டர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்று எங்களுடையது, மற்றது மாடியுடையது. மின்சாரம் செலவாகச் செலவாக ஒரு சின்னச் சிவப்புப் புள்ளி மினுக்கும். எங்களுடையது வேகமாக மினுக்கிக்கொண்டிருந்தது, உள்ளே ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. மாடியுடையது மெதுவாக, நிதானமாக மினுக்கிக்கொண்டிருந்தது, தூங்குகிறவர் மூச்சுவிடுகிற மாதிரி. நான் அதன் கூடவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கணவர் வந்ததும் சாவியைக் கொடுத்து மாடிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னேன். நானும் பின்னாலேயே போனேன். உள்ளே யாரும் இல்லை. தரையில் சிமெண்டுத் தூள் படிந்திருந்தது, அதில் ஒரு காலடியும் இல்லை. சிவப்பு வெளிச்சத்தில் எங்கள் இரண்டு பேர் காலடிகள் மட்டும் எங்கள் பின்னால் வந்தன.

“பல்புதான்” என்றார் அவர். “ஜீரோ வாட்டுன்னு பேருதான். அதுவும் இஸ்துக்கும்.”

“இவ்வளவா?”

“மீட்டர் பழசு. இன்னா பண்ணச் சொல்ற? பில் கலெக்டர் வரச்சொல்லோ பல்ப கழட்டிட்டா முடிஞ்சுது. அவரு வந்து பாத்தா இருட்டா இருக்கணும், அவ்ளோதான்.”

பல்பைக் கழற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொய்யை மறைக்கிற மாதிரி இருந்தது. அதே சமயம், மறைக்க அங்கே பொய் எதுவும் இல்லையே என்றும் இருந்தது. மாடியில் உண்மையிலேயே யாரும் இல்லை. யாரும் இல்லை என்று காட்டுவதற்கு நாங்கள் ஏன் இவ்வளவு ஏற்பாடு செய்ய வேண்டும்?

பில் கலெக்டர் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின மாலை பல்பைக் கழற்றினோம். மெயின் சுவிட்சையும் அணைத்துவிடலாமே என்றேன். அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். “அணைச்சா, இன்னிக்குத்தான் வேணும்னே அணைச்சி வெச்சிகீறாங்கன்னு நினைப்பாரு. பல்பு இல்லாம தானா நிக்கட்டும். அப்பதான் நம்புவாரு.” இதுவும் நியாயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால், எங்கள் வீட்டில் அந்த மாதங்களில் சொல்லப்பட்ட எல்லாமே நியாயமாகத்தான் இருந்தன.

மறுநாள் கணவருக்குக் காலை ஷிப்டு. நான் விடுப்பு எடுத்திருந்தேன். காலையிலிருந்து விடாமல் மழை. பதினோரு மணி போல பில் கலெக்டர் வந்தார். என் வயதை ஒட்டியவர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே முகக்கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு பேசினார். மாடிக்கு ஏறிப் பார்த்தார், பெயர்ந்த கூரையைப் படம் எடுத்தார். “காலிதான். ஒத்துக்கறேன்” என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. கீழே இறங்கி வந்தவர், மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளப் படிக்கட்டின் அடியில் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

“மேடம், எது மாடி மீட்டரு?”

“இடது பக்கம்.”

“ஓடிகினு கீதே.”

நான் குனிந்து பார்த்தேன். பல்பு இல்லை. மாடி முழுக்க ஒரு பொருள் இல்லை. சிவப்புப் புள்ளி மினுக்கியது. அன்றைக்குப் பார்த்ததைவிட வேகமாக மினுக்கியது.

“மேல யாரும் இல்ல சார். நீங்களே பார்த்தீங்க.”

“பாத்தேன். அதான் கேக்கறேன்.” அவர் அட்டையைப் புரட்டினார். “ஆளில்லாத மாடிக்கு கணக்குக்குக் கணக்கு யூனிட்டு ஏறிகினே போகுது. பேய்க்கு வாடகைக்கு வுட்டுகீறீங்களா?” கிண்டலாகத்தான் சொன்னார். என் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றிக்கொண்டார். “தப்பா எடுத்துக்காதீங்க. இந்த யூனிட்ட வெச்சிகினு நான் காலின்னு எழுதுனா, மேல என்னத்தான் கேப்பாங்க. யாரு யூஸ் பண்றான்னு கண்டுபுடிச்சி ஒரு லெட்டர் குடுங்க. பாக்கலாம்.”

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன். யாரு யூஸ் பண்றா. உள்ளே என் மகளின் குரல் கேட்டது. சிரிப்பு இல்லை.

“அம்மா. கடிச்சிடுச்சு.”

ஓடினேன். அவள் படுக்கையறை நடுவில் உட்கார்ந்து வலது உள்ளங்கையை இடது கையால் மூடிக்கொண்டிருந்தாள். அழவில்லை. ஏமாந்த முகம். நண்பர் அடித்துவிட்டால் குழந்தைகளுக்கு வருகிற முகம். கதவருகே ஜன்னல் வழியாக வந்த மழைநீர் தரையில் மெல்லிய படலமாகப் பரவி, சுவர்வரை போயிருந்தது. அதில் அவளுடைய வெறுங்கால் தடங்கள்.

நான் சுவரில் கையை வைத்தேன். ஒன்றும் இல்லை. அழுத்தி வைத்தேன். ஒன்றுமே இல்லை. ஈரம், குளிர், உப்பு. எனக்கு மட்டும் எதுவுமே தெரியவில்லை, அவளுக்கு மட்டும் தெரிகிறது என்பதில் அந்த நிமிடம் எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. எதிர்வீட்டு அக்கா சொன்னதையெல்லாம் அந்த நிமிடம் நான் நம்பினேன். படித்தது ஒன்றும் உதவிக்கு வரவில்லை.

பிறகு என் கண் கீழே போனது. அவள் வெறுங்காலோடு இருந்தாள். நான் செருப்புப் போட்டிருந்தேன்.

பிரசவத்துக்குப் பிறகு எனக்குக் குதிகால் வலி. வீட்டுக்குள்ளேயும் எம்.சி.ஆர். செருப்புப் போட்டு நடக்கச் சொல்லியிருந்தார்கள். தடித்த, மெத்தென்ற ரப்பர் செருப்பு. மூன்று வருடமாக அந்த வீட்டின் தரையை என் கால் தொட்டதே இல்லை. மருத்துவர் சொன்னதை ஒருநாள்கூடத் தவறாமல் செய்தவள் நான்.

மகளைத் தூக்கிக் கட்டிலின் நடுவில் உட்காரவைத்தேன். இறங்கக் கூடாது என்று சொன்னேன். என் குரல் எப்படி இருந்ததோ, அவள் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். வலது செருப்பைக் கழற்றினேன். ஈரத் தரையில் காலை வைத்தேன். விரலின் பின்பக்கத்தால், பட்டும் படாமலும், சுவரைத் தொட்டேன்.

எறும்புகள் ஓடின. அவள் சொன்னது சரி. ஆயிரம் எறும்புகள், விரலிலிருந்து முழங்கைவரை, தோலுக்குள்ளே. கை தானாகத் துள்ளிப் பின்னால் வந்தது.

செருப்பை மறுபடி போட்டுக்கொண்டு, மூலையிலிருந்த ஒட்டடைக் குச்சியை எடுத்தேன். காய்ந்த மூங்கில். படிக்கட்டின் அடியில் போய், எட்ட நின்று, அந்தக் குச்சியால் மாடி மெயின் சுவிட்சின் பிடியைக் கீழே தள்ளினேன். முதல் தடவை வழுக்கியது. இரண்டாவது தடவை கனமான சத்தத்தோடு இறங்கியது. சிவப்புப் புள்ளி நின்றது. அதற்குப் பிறகும் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன், மறுபடி மினுக்கிவிடுமோ என்று.

மீட்டரிலிருந்து மாடிக்குப் போகிற ஒயர் அந்தச் சுவருக்குள்ளேதான் ஏறுகிறது. அதன் மேலுறை எப்போதோ உப்பில் நைந்து போயிருந்திருக்கிறது. மழை ஏற ஏறச் சுவர் ஈரத்தைக் குடித்தது, மின்சாரம் சுவருக்குள் கசிந்து தரைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. மாடியில் வாழ்ந்த குடும்பம் அதுதான். சிவப்பு பல்பு எரிய வேண்டும் என்பதற்காக நாங்கள் அதை அணைக்காமல் வைத்திருந்தோம். மீட்டர் ஓடியதற்கெல்லாம் அந்தப் பல்பையே காரணமாகவும் சொல்லிக்கொண்டோம்.

மதியம் கணவர் வந்தபோது நான் ஒரு பையில் துணிகளை வைத்துக்கொண்டிருந்தேன். சொன்னேன். அவர் யார்டு ஷூவோடு நேராக அறைக்குப் போய்ச் சுவரில் இரண்டு கைகளையும் வைத்தார்.

“எனக்கு ஒண்ணும் தெர்லயே.”

“நான் மெயினை அணைச்சிட்டேன்.”

“அணைச்சிட்ட இல்ல? அப்பால இன்னா? பிரச்சனை முடிஞ்சுது. எதுக்கு பை?”

“கீழ் வீட்டு ஒயரும் அதே வயசுதான். அதே சுவருதான்.”

“இவ்ளோ வருஷமா இல்லாதது இன்னிக்கு வந்துடுமா? லோன்ல கூரைக்குத்தான் கணக்குப் போட்டுகீது. இப்ப ஒயரு, அப்பால கக்கூஸ் பைப்புன்னு நீ சொல்லிகினே போவ.” அவர் கோபமாகப் பேசவில்லை. களைத்துப் போயிருந்தார். “ரெண்டு நாள் பொறு. ஆள இட்டுகினு வந்து பாக்கறேன்.”

இரண்டு நாள் பொறுப்பது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். பொறுத்துத்தான் எறும்புச் சாக்பீஸ் போட்டேன். நான் பையை மூடினேன். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை நான் செய்தது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு அக்கா வாசலில் குடையோடு நின்றாள். விஷயம் அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

“போறியாமே?”

“அம்மா வீட்டுக்குக்கா. எர்ணாவூர்.”

“போ. நான் அத்த இத்தன்னு சொல்லிகினு மிளகா சுத்துனேன் பாரு, என்னச் சொல்லணும்.” அவள் என் மகளின் உள்ளங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் இல்லை. ஒரு சிவப்புக்கூட இல்லை. “கரண்டுன்னு எவன் கண்டான்” என்று தனக்குள் சொன்னாள். பிறகு வாசலுக்குள் எட்டிப் பார்த்து, என் கணவருக்குக் கேட்கும்படி, “நைனா, நீ மட்டும் இன்னாத்துக்கு உள்ள கீற? செவுத்துக்குக் காவலா?” என்றாள்.

ஷேர் ஆட்டோவில் போகும்போது மகள் ஒரு கேள்விதான் கேட்டாள். “அவங்க கோவமா கீறாங்களா?” இல்லை என்றேன். யார் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தபோது கணவர் அழைத்தார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

“ஒரு தபா மெயின போட்டு, செருப்பு இல்லாம நின்னு தொட்டுப் பாத்தேன்” என்றார்.

“ஏன் அப்படிப் பண்ணீங்க?”

“புள்ளைக்கு எப்பிடி இருந்துச்சின்னு பாக்கணும்ல.” பிறகு, “நாளைக்கு ஆளு வராரு. முழு வூடும் மாத்திடலாம். மேல, கீழ எல்லாம்” என்றார்.

ஒயரிங் ஆள் சுவரைக் கீறி எடுத்துக் காட்டிய ஒயரை நானும் போய்ப் பார்த்தேன். கறுப்பு உறை விரலில் எடுத்தால் கருகிய தோல் மாதிரி உதிர்ந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. என் மகள் கன்னத்தை வைக்கிற உயரத்திலிருந்து ஒரு சாண் மேலே. “இந்த வருசம் மழ நல்லா பேஞ்சிது” என்று மட்டும் அவர் சொன்னார். எங்கள் பக்கத்து ஒயரையும் உருவினார். அதுவும் பாதிக்கு மேல் அப்படித்தான் இருந்தது. கணவர் அந்தத் துண்டை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வாசலில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

கடன் தொகையை உயர்த்தினோம். ஒயரிங் மாற்றுவதும் பழுதுபார்ப்பில் சேருமா, அதற்கான வட்டிக்கும் கழிவு உண்டா என்று எங்கள் அலுவலகத்துக்கு வருகிற ஆடிட்டரிடம் இரண்டு முறை கேட்டேன். சேரும் என்று இரண்டு முறையும் சொன்னார். மூன்றாம் முறை கேட்க வெட்கமாக இருந்தது. பில் கலெக்டருக்கு நான் கொடுத்த கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வந்தது. மாடியில் எவரும் வசிக்கவில்லை, மின்சாரத்தைப் பயன்படுத்தியது எங்கள் படுக்கையறைச் சுவர், அதைக் கண்டறியத் தாங்கள் கேட்ட கேள்வியே காரணம் என்று எழுதினேன். அவர் நின்றபடியே முழுவதும் படித்தார். இந்த அரையாண்டுக்குத் தள்ளுபடி கிடைக்காது, யூனிட் ஏறியது ஏறியதுதான், அடுத்த அரையாண்டுக்கு மறுபடி கொடுங்கள் என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, “புள்ள நல்லா கீதா?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன்.

நன்றாகத்தான் இருக்கிறாள். வேலை முடிந்து திரும்பி வந்தபோது சுவர்கள் எல்லாம் புதுப் பூச்சில் வழவழப்பாக இருந்தன. மின்சாரம் கசிந்தால் தானாகவே அணைந்துவிடுகிற ட்ரிப்பர் ஒன்று மாட்டியிருந்தார்கள். இனிமேல் பயமில்லை, தொடலாம் என்று சொல்லிவிட்டு நானே செருப்பில்லாமல் போய்த் தொட்டுக் காட்டினேன். அவள் தலையாட்டினாள். ஆனால் பக்கத்தில் வரவில்லை. அறையைக் கடக்கும்போது நடுவில்தான் நடக்கிறாள், இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு. சுவரோடு பேசுவது நின்றுவிட்டது. யாரோடு பேசினாலும் முன்பு போல ஒட்டிக்கொண்டு பேசுவதும் இல்லை.

இந்த ஜூனில் அவளைப் பள்ளியில் சேர்த்தோம். ஒரு மாதம் கழித்துப் பெற்றோர்களை அழைத்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியை சொன்ன புகார்களைக் கேட்டுக்கொண்டே என் முறைக்குக் காத்திருந்தேன். ஒருவன் சுண்ணாம்பைக் கடிக்கிறான், ஒருத்தி அடுத்தவள் பென்சிலைப் பிடுங்குகிறாள். என் முறை வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“உங்க பொண்ணுகிட்ட ஒரு பழக்கம் கீது, எல்லாப் புள்ளைங்களும் இப்பிடி இருந்தா எனக்கு வேலையே இல்ல” என்றார். “பெஞ்சோ, கதவோ, தண்ணிக் குழாயோ, தொடறதுக்கு முன்னாடி ‘தொடலாமா மிஸ்’னு கேப்பா. நான் சரின்னு சொன்னாக்கூட உடனே தொட மாட்டா. நான் மொதல்ல தொட்டுட்டு, அப்புறம்தான். ரொம்ப ஒழுங்கா வளத்துகீறீங்க.”

அவள் என் பக்கத்தில், நாற்காலியின் கம்பியில் கை படாமல், நேராக நின்றுகொண்டிருந்தாள்.

“தேங்க்ஸ் மிஸ்” என்றேன்.